ஒன்பதாவது கத்தரிச் சத்தம்

இந்த அறையில் என் பெயர் ஃபர்ஸ்ட் இயர்.
லைட்டைத் திருப்பு ஃபர்ஸ்ட் இயர்.
தலையை எடு, நிழல் விழுது.

ஐந்து மாதமாகக் காரைக்குடி பெரியாஸ்பத்திரியில்
நான் இழுத்துப் பிடித்தவற்றின் கணக்கு:
பித்தப்பைக்கு மேலே ஒரு கல்லீரல்,
மூன்று குடல்வால்களுக்கு வழிவிட்ட வயிற்றுச் சுவர்,
கொழுப்பு, கொழுப்பு, இன்னும் கொழுப்பு.
ரிட்ராக்டரின் இந்த முனையில் நிற்பவளுக்கு
அந்த முனையில் நடப்பது தெரியாது.
உமையாள் மேடத்தின் முழங்கை தெரியும்.
அவருடைய பச்சை முதுகு தெரியும்.
சுவர்க்கடிகாரத்தில் கீழ்ப்பாதி மட்டும்.

சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி
ஊரே பெருமை பேசுகிறது.
எனக்குத் தெரிந்த காரைக்குடித் தண்ணீர்
விரல்நுனியில் விழுந்து
முழங்கை வழியாகச் சொட்டுவது.
ஐந்து நிமிடம். மறுபடியும் ஐந்து நிமிடம்,
என் கையுறை ட்ராலி ஓரத்தில் பட்டதை
சிஸ்டர் அமலோற்பவம் பார்த்துவிட்டதால்.
லேசாத்தான் சிஸ்டர், என்றேன்.
"லேசான்னு ஒண்ணு இல்ல டாக்டர்."
அதற்குள் புது ஜோடியைப் பிரித்திருந்தார்.

மீந்த நூல்களை குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்
கட்டில் காலில் முடிச்சுப் போடுவேன்.
கட்டிலுக்கு ரத்தம் வராது.
அது என் முடிச்சை நம்பிப் படுத்திருக்கவும் இல்லை.
நான்தான் அதன்மேல் படுத்திருக்கிறேன்.

லாக்புக்கில் மூன்று கட்டம்:
பார்த்தது, உதவியது, செய்தது.
முதல் இரண்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன.
மூன்றாவதில் ஒரு காப்பிக் கறை.
மதுரையிலிருந்து ரேஷ்மா பானு கூப்பிட்டாள்:
"நேத்து ஒரு கட்டி, நானே எடுத்தேன்டி."
வாழ்த்துச் சொன்னேன்.
பிறகு போய் ஐந்து பரோட்டா தின்றேன்.

செவ்வாய்க்கிழமை, இரண்டாவது கேஸ்.
சாத்தையா, வயது ஐம்பத்து நான்கு,
புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை எண்ணுகிறவர்,
அதற்கு முன்னால் தூக்கியவர்.
வலப்பக்கம் குடலிறக்கம்.
முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே ஆள் இல்லை,
திரைக்கு அந்தப்பக்கம் முழு விழிப்பு.

வலை வைத்தாயிற்று.
வெள்ளையாய் மினுங்கும் படலத்தை மூடிவிட்டு
மேடம் ஊசிபிடித்த இடுக்கியை நீட்டினார்,
பேங்க்கில் பேனா இரவல் தருகிறவர் மாதிரி.
"தோல் உன்னோடது."

தோல், கட்டில் கால் இல்லை.
முதலில் மறுக்கிறது, பிறகு சட்டென்று விட்டுவிடுகிறது.
விட்ட இடத்தில் நாம் தயாராக இருக்கவேண்டும்.
ஒன்று. கட்.
இரண்டு. கட்.
மூன்றாவதில் ஓரம் உள்ளே மடங்கிக்கொண்டது.
எல்லோரும் பார்த்தோம்.
மானிட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"வெட்டிட்டு மறுபடி போடு."
மாஸ்க்குக்குள் வழிந்தது உதட்டில் உப்புக் கரித்தது.
மேடத்துக்கு ஏழு நிமிடம் ஆகும் வேலை,
எனக்கு இருபத்திரண்டு.
அன்றைக்குக் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.
சிஸ்டர்தான் சொன்னார்.

எட்டாம் நாள், ஆண்கள் வார்டு,
ஜன்னலோரக் கட்டில்.
தையல் பிரிக்கும்போது சாத்தையா
கிண்ணத்தில் விழுந்த நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எட்டுதான் இருக்கு தாயி."
எட்டுதான் போட்டோம்.
"கத்தரி ஒம்பது தடவ கேட்டுச்சே.
மில்லுல நான் கண்ணால எண்ணுறதில்ல,
மூட்ட விழுகுற சத்தந்தான்."

மருந்துச்சீட்டைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை.
ஒண்ணு சரியா வரல. வெட்டிட்டுத் திருப்பிப் போட்டேன்.
"நீயா?"
நான்தான்.
தழும்பை ஒருமுறை குனிந்து பார்த்தார்.
வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"அப்பக் கணக்கு சரி."

ராத்திரி மூன்றாவது கட்டத்தில்,
காப்பிக் கறையைத் தாண்டி, எழுதினேன்:
தோல் மூடல், எட்டுத் தையல்.
பக்கத்தில் பென்சிலால், பொடியாக:
ஒன்று பிரித்துப் போட்டது.

கையெழுத்திடும்போது மேடம் பேனாவை நிறுத்தினார்.
பென்சில் எழுத்தைப் படித்தார்.
அழிக்கச் சொல்லவில்லை.
"நாளைக்கு ஏழரைக்கு வந்துடு.
லைட்ட ஒழுங்காப் பிடி."